மயிலாப்பூரில் இனி யார் குடியிருப்பார்கள்?

கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு பழைய வீடு கைமாறப் போகிறது என்பதற்கு முதல் அடையாளம் ரேழிச் சுவரில் தெரியும். ஆறேழு மின்சார மீட்டர்கள் வரிசையாக இருந்த மரப்பலகை வெறுமையாகிவிடும். பலகைக்கு மேலே பெயின்ட்டில் எழுதிய போர்ஷன் எண்கள் மட்டும் மிச்சமிருக்கும். சில நாள் கழித்து இடிப்பு கான்ட்ராக்ட் எடுத்தவரின் ஆட்கள் வருவார்கள். கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம், கூடத்துத் தூண் என்று காசாகக்கூடியது அனைத்தும் லாரி ஏறும். அப்புறம் தெருவை ஒட்டித் தகரத் தடுப்பு. அதன்மேல் எழும்பப் போகும் கட்டடத்தின் வண்ணப் படம்.

தூணும் திண்ணையும் போவதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு போட்டு மெழுகிய மெட்ராஸ் டெரஸ் தளத்தை இன்று போட்டுத் தரக் கொத்தனார் கிடைப்பதே அரிது. அது போவது நஷ்டம்தான். ஆனால் என் மனசைப் பிசைவது அந்த மீட்டர் பலகை. அந்த ஆறேழு மீட்டர்களுக்கும் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஒண்டுக்குடித்தனம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே குழாய், ஒரே கிணறு, காலையில் கக்கூஸ் வாசலில் வரிசை, பக்கத்துப் போர்ஷனில் தாளிப்பது நம் தலையணை வரை மணக்கும். கல்யாணமான பிள்ளைக்குத் தனி அறை கிடையாது. இருந்தும் ஜனம் அங்கேயே இருந்தது. காரணம், தொழில் அங்கே இருந்தது. கல்யாண சமையல் கோஷ்டியில் கரண்டி பிடிப்பவர், தவில்காரர், ஓதுவார், பாத்திரக்கடைச் சிப்பந்தி, நாட்டியக்காரர்களுக்கு நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் கல் பதித்துக் கொடுப்பவர், வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்கும் மாமி, இரண்டு தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் டியூஷன் டீச்சர். மயிலாப்பூர் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இவர்கள் கைவேலை. வக்கீல்களும் நீதிபதிகளும் வாழ்ந்த பங்களாக்களுக்குச் சரித்திரம் இருக்கிறது. பின்கட்டில் குடியிருந்தவர்களுக்கு அது இல்லை.

பூக்காரம்மாவின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்பேட்டிலிருந்து உதிரிப்பூ விடியற்காலையில் வந்து இறங்கும். வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் என்று அடுக்கி ஒரு சுழற்று சுழற்றி இறுக்க வேண்டும். காலை பூஜைக்கு வாங்க வருபவர்கள் வருவதற்குள் கூடையில் சில முழமாவது தயாராக இருக்க வேண்டும். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, ஈரத்துணி போட்டு மொட்டை மூடிவைத்து, சாயங்காலக் கூட்டத்துக்கு மறுபடி உட்கார வேண்டும். மல்லிகை மறுநாள் வரை காத்திருக்காது. குடியிருக்கும் இடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் மட்டுமே நடக்கிற தொழில் இது. மேடவாக்கத்துக்கோ முடிச்சூருக்கோ குடிபோனவர் விடிகாலையில் எந்த பஸ்ஸைப் பிடித்து வந்து நாரைக் கிழிப்பது? நடு மத்தியானத்தில் எங்கே போய்ச் சோறு வடிப்பது? கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே ஏதாவது அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலைக்குப் போவதுதான் வழி.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. உயர வரம்பையும் 18.3 மீட்டராக்கின. அதாவது ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். 1,200 சதுர அடி ஃப்ளாட் என்றால் நான்கு. கீழ்த்தளம் காருக்கு. ஆறேழு குடும்பம் இருந்த மனையில் நான்கு குடும்பம். கட்டடம் உயர்ந்துவிட்டதால் ஜனம் பெருகிவிட்டது என்று நினைக்கிறோம். தலைகளை எண்ணினால் குறைந்திருக்கிறது; கூடியிருப்பது காரும், சதுர அடியும், ஏ.சி.யும்தான். நெரிசலைக் காட்டி யாரும் இதை நியாயப்படுத்த முடியாது.

போனவர்கள் ஏன் சத்தமில்லாமல் போனார்கள்? அவர்கள் கையில் காகிதம் இல்லை. பழைய 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பா காலத்தில் வாய்ப்பேச்சில் குடிவந்து, மாசம் பிறந்தால் கையில் வாடகை கொடுத்துப் பழகியவரிடம் ஒப்பந்தம் ஏது? ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கேட்கவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. இடித்துக் கட்டுவது என்பது எப்போதுமே ஒரு காரணம். கோர்ட் வரை பெரும்பாலும் போவதில்லை. “பில்டர் வந்து பார்த்துட்டுப் போயிருக்கார் மாமி. அண்ணா தம்பி எல்லாரும் சம்மதிச்சாச்சு. நீங்களும் ஒரு இடம் பார்த்துக்கோங்கோ” என்கிற மாதிரி கூடத்தில் நின்றபடியே பேச்சு ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். பல வருடம் முகம் பார்த்துப் பழகியவரிடம் யார் வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள்?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த முதல் தலைமுறை ஃப்ளாட்டுகளும் இப்போது இடிபடுகின்றன. 2022-ஆம் வருட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம். இந்தக் கணக்கிலும் வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லை. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து அகற்றப்பட்டவருக்குக் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. அங்கே போனவர்கள் படும் பாடு வேறு கதை; ஆனால் ஒரு பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. பின்கட்டுக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மும்பையில் வேறு வழக்கம் இருக்கிறது. தென் மும்பையில் பழுதுபார்ப்புக்காக ‘செஸ்’ என்ற வரி கட்டிவரும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது, அங்கே குடியிருந்த வாடகைதாரருக்குப் புதுக் கட்டடத்திலேயே குறைந்தது 300 சதுர அடி வீடு தர வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டுபவருக்குக் கூடுதல் தளப்பரப்பு கிடைக்கிறது. திட்டங்கள் இழுத்தடித்து, தற்காலிக முகாமிலேயே காலம் கழிந்த குடும்பங்களும் அங்கே உண்டு. இருந்தாலும் வாடகைக்கு இருந்தவருக்கும் அந்த மண்ணில் ஒரு பாத்தியதை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. சென்னையிலும் கட்டணம் கட்டினால் கூடுதல் தளப்பரப்பு கிடைக்கிறது. அந்தச் சலுகையைக் காசுக்கு விற்கும் அரசு, ஏன் அதை ஒரு சிறு போர்ஷனுக்கு விலையாகக் கேட்கக் கூடாது?

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்து பங்காளிகள், அதில் மூன்று பேர் வெளிநாட்டில், மழைக்கு ஒழுகும் தளம், வீட்டுவரிக்கும் காணாத வாடகை, மாடி ஏற முடியாத வயது. அவர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் வேகம் கூடப்போகிறது. 1997-இல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தபோதே இந்தப் பக்கம் மனை விலைக்குச் சிறகு முளைத்தது. இப்போது இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம்–சிறுசேரி தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் திருமயிலையில் சந்திக்கின்றன. பூமிக்கடியில் பல தளங்களுக்குத் தோண்டுகிறார்கள். அது திறந்த பிறகு இந்தச் சந்துகளில் பின்கட்டு வாடகை என்ன ஆகும் என்று யூகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகள் நிரம்பத்தான் செய்யும். கூட்டம் ரயிலில் வந்து ரயிலில் திரும்பிப் போகும். அன்றைக்குப் பூ கட்டுகிறவர், சமைக்கிறவர், தவில் அடிக்கிறவர், பல்லக்குக்குத் தோள் கொடுக்கிற ஸ்ரீபாதம்தாங்கி எல்லோருமே வெளியூர்க்காரர்களாக வந்து போகிற நாள் அதிக தூரத்தில் இல்லை.

பில்டரோடு பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டி முடிக்கும்வரை நீங்கள் வெளியே தங்க மாசா மாசம் வாடகை தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறீர்கள், சாமான் ஏற்றி இறக்கும் செலவு உட்பட. அதே பக்கத்தில், பின்கட்டில் இருக்கும் ஆறு குடும்பத்துக்கும் ஒரு வருட வாடகையும் வண்டிச் சத்தமும் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்டால் தருவார்கள். போட்ட பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.