சிகிச்சை கால்மணி நேரம், காவல் நான்கு வாரம்

மடுல்கெல்ல பக்கத்துத் தோட்டங்களில் 35 வயதான பெண்களை மிட்வைஃப் விடாமல் கிளினிக்குக்குக் கூப்பிடுவார். இலங்கையில் 1996இல் தொடங்கிய சுவநாரி கிளினிக்குகளில் 35 வயதிலும், பிறகு 45 வயதிலும் கருப்பைக் கழுத்திலிருந்து பாப் சோதனைக்கு மாதிரி எடுக்கிறார்கள். முடிவில் "மாற்றம் இருக்கிறது, கண்டிக்குப் போங்கள்" என்று வந்துவிட்டால் போதும், லயம் முழுக்கப் புற்றுநோய் என்றே பேச்சாகிவிடும். பெரும்பாலும் அது புற்றுநோயல்ல. எச்.பி.வி. என்ற வைரஸ் தங்கிப்போனதால் சில கலங்கள் திரியத் தொடங்கியிருக்கும். அவை புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; அதற்குள் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். இந்த வைரஸ் மிகச் சாதாரணம், உடலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. ஆகவே மனைவியையோ கணவனையோ சந்தேகிக்க இது காரணமே அல்ல.

கட்டிலில் என்ன நடக்கும்?

கண்டி வைத்தியசாலையில் முதலில் கருப்பைக் கழுத்தில் வினாகிரி போன்ற அமிலக் கரைசலைத் தடவுவார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். பெரிதாக்கிக் காட்டும் கருவியால் அதைப் பார்த்து, விறைப்பு ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். ஊசி மருந்தால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கும், கால் நடுங்கும். கருகிய வாடையும் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை. பொதுவாகக் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம்.

பஸ் ஏறுவதற்கு முன்

மாதவிடாய் நாட்களில் சிகிச்சைத் திகதி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் முன்கூட்டிச் சொல்லி மாற்றலாம். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற ஐயம், கருத்தடை லூப் போட்டிருப்பது, அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து, அயடீன் ஒவ்வாமை ஆகியவற்றை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். விறைப்பு ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். மயக்க மருந்து என்றால் பட்டினி இருக்கும் நேரத்தைச் சொல்லித்தருவார்கள்.

தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை அதிகம். இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தால் விழுங்கியதும் பிளேன்டீ குடிக்காதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சிங்களம் சரளமாகத் தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துப் போங்கள். மகனை மொழிபெயர்க்க வைத்தால் தாய் பாதியை விழுங்கிவிடுவாள். திரும்பி வரும்போது வத்தேகம, பன்வில வளைவுகளில் நின்றுகொண்டு வர முடியாது. உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸுக்காகக் காத்திருங்கள். மெடிக்கல் சான்றிதழை அன்றே கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் பேர் போடாத நாளுக்கு யார் பதில் சொல்வது என்ற கவலையில்தான் பலர் மறுநாளே மலைக்கு ஏறுகிறார்கள்.

வீட்டில், லயத்தில், மலையில்

என் பார்வையில் சிகிச்சையின் பெரும்பகுதி இனிமேல்தான் ஆரம்பிக்கிறது. முதல் ஓரிரு நாள் மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுக்கும், பரசிட்டமோல் போதும். இரத்தம் நிற்கப் பூசும் மருந்தால் கோப்பித் தூள் போலக் கருமையாகக் கசியலாம். பிறகு தண்ணீராகவோ மண்ணிறமாகவோ சில வாரம் வரும். சரியாகிவிட்டது என்று நினைக்கும் வேளையில், பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், உள்ளே புண்ணின் பொருக்கு உதிர்ந்து மீண்டும் இரத்தம் காணலாம். கொழுந்து மூட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்குவதற்கு மிக மோசமான நாட்கள் இவைதான். கொழுந்து மட்டுமல்ல, விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் பாரம்தான். இரண்டு வாரமாவது அவற்றை வேறு யாராவது தூக்கட்டும்.

நான்கு வாரத்துக்கு உடலுறவு கூடாது. இதைக் கணவனிடம் சொல்லத் தயங்குபவர்கள் அவரையும் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வைத்தியர் வாயாலேயே கேட்க வைப்பது நல்லது. உள்ளே எதையும் வைக்க வேண்டாம். வெளியே வைக்கும் பேட் அல்லது வெயிலில் நன்றாகக் காய்ந்த துணி போதும். பீலியில் ஊற்றிக் குளிக்கலாம், ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம். வேப்பிலை நீரால் உள்ளே கழுவச் சொல்லும் மூதாட்டிகள் இருப்பார்கள். அன்போடு சொல்வதுதான், ஆனால் கேட்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால், கட்டிகட்டியாக இரத்தம் வந்தால், நாற்றமடித்தால், காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலியோ இருந்தால் இரவென்றும் மழையென்றும் பார்க்காதீர்கள். சிகிச்சைத் துண்டுடன் முதலில் மடுல்கெல்ல வைத்தியசாலைக்குப் போங்கள். தேவையானால் கண்டிக்கு அனுப்புவார்கள்.

அறிக்கையும் ஆறு மாதமும்

எடுத்த திசு ஆய்வுகூடத்துக்குப் போகும். அறிக்கை தேடி வராது. போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த ஒரு சிகிச்சையிலேயே சரியாகிவிடுகிறது. மிச்சமுள்ளவர்களை அடையாளம் காண ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து மறுசோதனை உண்டு. வலியில்லை என்பதால் அதற்குப் போகாமல் விடுபவர்களே அதிகம் கவலை தருகிறார்கள்.

குழந்தை பெறும் வாய்ப்பு இதனால் கெடுவதில்லை. ஆழமாக வெட்டியிருந்தால் மட்டும் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்பதால், பின்னர் கர்ப்பமானால் முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லுங்கள். வீட்டில் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தால், 2017 முதல் பாடசாலையில் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசிக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட மறக்காதீர்கள்.