சிறுநீரக நோயாளர் தவிர்க்க வேண்டிய நட்சத்திரப் பழம்

நோயுற்றவரைக் காணச் செல்வோர் பழங்களுடன் செல்வது நம் வழக்கம். அப்பழங்களுள் ஒன்று சிறுநீரக நோயாளரிடம் சென்று சேரலாகாது. அது நட்சத்திரப் பழம். தமரத்தம்பழம் என்றும் இதனைக் கூறுவர். தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பது. இன்று நம் வீட்டுத் தோட்டங்களிலும் வளர்கிறது. குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை நட்சத்திரம் போல் தோன்றும்.

வைட்டமின் சி நிறைந்த இப்பழத்தை உடல்நலம் உடையோர் அளவோடு உண்ணலாம். ஆனால் இதில் காரம்பாக்ஸின் என்னும் நரம்பு நச்சுப்பொருள் உள்ளது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் இதனைக் கண்டறிந்தனர். நலமான சிறுநீரகம் இதனை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ இது இரத்தத்தில் தங்கி, மூளையை அடைந்து, நரம்பணுக்களை மிகையாகத் தூண்டுகிறது. ஒரே ஒரு பழம், சிலருக்கு அதனினும் குறைந்த அளவே, தீங்கு விளைவிக்கப் போதுமானது.

பெரும்பாலும் முதலில் தோன்றுவது நிற்காத விக்கல். தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று குடும்பத்தார் காத்திருப்பதே இதில் உள்ள ஆபத்து. தொடர்ந்து வாந்தி, உறக்கமின்மை, மனக்குழப்பம், கை கால் தளர்ச்சி ஆகியவை வரலாம். வலிப்பும் நினைவிழப்பும் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உண்ட பழத்தின் பெயரை மறவாமல் மருத்துவரிடம் கூறுங்கள். காலத்தே செய்யப்படும் இரத்த டயாலிசிஸ் இந்நச்சை நீக்க வல்லது.

இப்பழத்தில் ஆக்சலேட்டும் மிகுதி. வெறும் வயிற்றில் இதன் சாற்றை நிறையப் பருகியதால், முன்பு நலமாக இருந்தவர்களின் சிறுநீரகமும் பழுதடைந்ததுண்டு. கொழுப்பைக் குறைக்கும் என நம்பி, இதன் இனத்தைச் சேர்ந்த இரும்பன்புளியின் சாற்றைப் பருகிய சிலருக்குக் கேரளத்தில் இவ்வாறே நேர்ந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்வோரும் நாட்பட்ட சிறுநீரக நோய் உடையோரும் இப்பழத்தைச் சாறாகவோ ஊறுகாயாகவோ கூட உண்ண வேண்டா. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோர் தம் சிறுநீரகத்தின் நிலையை முதலில் பரிசோதித்து அறிந்துகொள்ளுங்கள். பாதிப்பு தொடக்கத்தில் வெளியே தெரிவதில்லை. உங்கள் வீட்டில் சிறுநீரக நோயாளர் இருப்பின், பழம் வாங்கி வரும் உறவினரிடமும் இதனைச் சொல்லி வையுங்கள்.