மலைக்குள் ஒரு கம்ப்யூட்டர்!

தப்பான கீயை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்களா? அப்படியானால் 1970-ல் வந்த 'கொலோசஸ்: தி ஃபோர்பின் ப்ராஜெக்ட்' என்ற ஹாலிவுட் படத்தை ஒரு முறை பாருங்கள். கம்ப்யூட்டர் உலகத்தையே அடிமைப்படுத்தும் கதை. சீரியஸாகத்தான் எடுத்திருக்கிறார்கள். இன்று பார்த்தால் பாதி இடங்களில் சிரிப்பு வருகிறது.

அமெரிக்காவின் அணு ஏவுகணைகளை எல்லாம் கொலோசஸ் என்ற கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து, அதை ராக்கி மலைக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். யாரும் கிட்டே போகாமலிருக்கக் கதிர்வீச்சு அரண் வேறு. ஆஃப் செய்ய வழியே கிடையாது. அதைப் பெருமையாக உலகத்துக்கே அறிவிக்கிறார் ஜனாதிபதி!

உடனே கொலோசஸ், ரஷ்யாவிலும் தன்னைப் போல 'கார்டியன்' என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துப் பேசக் கேட்கிறது. இரண்டும் முதலில் என்ன பேசுகின்றன தெரியுமா? பெருக்கல் வாய்ப்பாடு! லைனைத் துண்டித்தால் ஏவுகணையை ஏவுகிறது. இவ்வளவு வல்லமை இருந்தும், மனிதர்களுக்கு உத்தரவு போடுவது ரயில்வே ஸ்டேஷன் போர்டு போல ஓடும் எழுத்துகளில்தான். பின்னால்தான் குரல் வருகிறது.

சுற்றிலும் அலமாரி அலமாரியாக டேப் சுருள்கள், கண் சிமிட்டும் விளக்குகள். அவை அட்டை செட் அல்ல. கண்ட்ரோல் டேட்டா நிறுவனம் தந்த, சுமார் 48 லட்சம் டாலர் மதிப்புள்ள நிஜக் கருவிகள்.

இந்த விளக்குகளோடு கொலோசஸ் நம் ஜவ்வாது மலைக்கு வந்திருந்தால் காவலூர் விஞ்ஞானிகளே விரட்டியிருப்பார்கள். அங்குள்ள வானாய்வு மையத்துக்கு இருட்டுதான் மூலதனம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தபோது, அதன் ஒளி சற்றே மங்கியதை அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் அதுவும் ஒன்று. படத்தில் வருவது போல ஆளை மிரட்டும் பெட்டி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

சிரிப்பு வராத இடமும் உண்டு. கொலோசஸை முடக்க முயன்ற புரோகிராமர்களை அதுவே கண்டுபிடித்துச் சுட்டுக் கொல்ல வைக்கிறது. அவர்களுக்கு வேறு வழி வைக்காமல் கட்டியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

உங்கள் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது. ஹேங் ஆகி எதற்கும் அசையவில்லை என்றால், பவர் பட்டனைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், அணைந்துவிடும். சேவ் செய்யாத பைல் போய்விடும், அவ்வளவுதான்.