கம்பெனி கொடுத்த கணினி



பால்மரக் காட்டில் உளி பிடித்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வெட்டு கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் வரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும்; மறுபடி அங்கே வெட்டுவது சிரமம். அதனால்தான் மண்டோர் நிரைநிரையாக வந்து வெட்டைப் பார்ப்பார். அன்று அது நச்சரிப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், காரணம் இல்லாமல் அந்த விதி வரவில்லை அல்லவா?

இன்று நம் பிள்ளைகள் பட்டணத்து ஆபீசுகளில் வேலை பார்க்கிறார்கள். கம்பெனி அவர்கள் கையில் மடிக்கணினியைக் கொடுக்கிறது. கூடவே ஒரு விதித்தாளும் வருகிறது. கையெழுத்துப் போட்டதோடு அதை மறந்துவிடலாமா? கூடாது. அதற்குச் சிங்கப்பூரில் நடந்ததே சாட்சி.

2018-ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை திருடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் தப்பவில்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதில் தெரிய வந்தவை என்ன? புதுப்பிக்காமல் விட்ட மென்பொருள். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல். சந்தேகம் வந்த பிறகும் மேலிடத்துக்கு உடனே சொல்லாமல் காலம் கடத்திய பொறுப்பாளர்கள். சிறிய அலட்சியங்கள்தாம். அவை ஒன்று சேர்ந்தபோது திருடனுக்கு வழி திறந்துவிட்டது.

இப்போது பல கம்பெனிகளில் மண்டோர் வேலையைக் கணினியே செய்கிறது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, நச்சுநிரல் தடுப்பு ஓடுகிறதா, திரைப் பூட்டு இருக்கிறதா, உள்ளிருக்கும் தகவல்கள் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுள்ளனவா என்று அது தானே சோதித்து ஆபீசுக்குத் தெரிவிக்கும். குறை இருந்தால் கம்பெனி மின்னஞ்சல்கூடத் திறக்காது. அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். கேட்டதைச் சரிசெய்தால் வழி திறக்கும்.

பிள்ளைகளே, நீங்கள் செய்ய வேண்டியவை இவைதாம்.

புதுப்பிக்கச் சொன்னால் "நாளைக்கு" என்று தள்ளாதீர்கள். மாலையில் வேலை முடிந்ததும் விட்டுவிட்டால், நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

கடவுச்சொல்லை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். ஆபீசிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணும் அப்படியே.

எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

திருட்டு மென்பொருளை ஏற்றாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பென்டிரைவைச் செருகாதீர்கள்.

வீட்டுப் படங்களையும் சொந்த வங்கிக் கணக்கையும் அதில் வைக்காதீர்கள். அது கம்பெனியின் பொருள். அதில் உள்ளதைக் கம்பெனி பார்க்கக்கூடும். வேலையை விடும்போது திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அக்காளின் கணினியில் விளையாட்டு ஏற்றித் தரச் சொல்லித் தம்பி அழுவான். "பாவம், சின்னப் பிள்ளை, கொஞ்ச நேரம் கொடேன்" என்று நாமே பரிந்து பேசுவோம். பேசாதீர்கள். ஏற்றியது தம்பியானாலும், நாளை ஆபீசில் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அந்தச் சம்பளத்தை நம்பித்தானே வீட்டு வாடகையும் பள்ளிச் செலவும் ஓடுகின்றன?

ஒருவேளை தவறு நடந்துவிட்டால்? சந்தேகமான இணைப்பைத் தொட்டுவிட்டாலும், பேருந்தில் கணினியைத் தொலைத்துவிட்டாலும், அந்த மணி நேரத்திலேயே ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும். உடனே தெரிந்தால் அந்தக் கணினியின் வழியை அவர்கள் அடைத்துவிட முடியும். இரண்டு நாள் மறைத்தால் திருடனுக்கு இரண்டு நாள் கிடைக்கிறது.

ஆகவே, பிள்ளை முகம் வாடி வீட்டுக்கு வந்தால் முதலில் திட்டாதீர்கள். "ஆபீசுக்குச் சொல்லிவிட்டாயா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்து அப்போதே சொல்ல வையுங்கள்.