செட்டிநாட்டு வீடுகளும் பிள்ளைகளின் கணக்கும்

பள்ளிக்குச் சென்றுவரும் சிறு பிள்ளைக்கு வீட்டிலும் சிறிது கற்பிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான பெற்றோர் ஒப்புக்கொண்டாலும், எதைக் கற்பிப்பது என்ற தெளிவு இல்லாததால், மாலையில் டியூஷனுக்கு அனுப்புவதோடும் பள்ளியில் எழுதியதையே மறுபடி எழுதவைப்பதோடும் நிறைவடைந்துவிடுகின்றனர். காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களின் பழைய நடைமுறையை நோக்கினால், வீடு செய்ய வேண்டிய வேலை வேறு என்பது புலப்படும்.

19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுத்துப் பழகிய பிள்ளைகள், முழு எண், பின்னம், அளவை ஆகியவற்றின் வாய்பாடுகள் அடங்கிய எண்சுவடியை உரக்க ஒப்பித்து மனத்தில் பதித்தனர். 320இல் ஒரு பங்கு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். ஒரு மாவோடு ஒரு காணியைக் கூட்டினால் மாகாணி, அதாவது 16இல் ஒரு பங்கு வரும் என்பதை எழுதிப் பார்க்காமலே சொல்லும் பயிற்சி இது. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய, செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தார், இளைஞர்களைப் 'பெட்டியடிப் பையன்' என்னும் தொடக்கநிலைப் பணியில் அமர்த்திப் பழக்கியதால், ஒப்பித்த வாய்பாடு பேரேட்டிலும் வட்டிக் கணக்கிலும் பயன்பட்டது. இக்கல்வி பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே கிட்டியது என்பதும், பிரம்படி அதில் மிகுந்திருந்தது என்பதும் அதன் குறைகள். ஆயினும் நினைவிலிருந்து சொல்லுதல், சொன்னதை வாழ்க்கையில் கையாளுதல் என்னும் இரண்டும் அதில் இணைந்திருந்தன. இன்று அவ்விரண்டையும் இணைத்துத் தர ஏற்ற இடம் வீடே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் 30 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று விதித்துள்ள நிலையிலும், ஒரு பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எந்தக் கழித்தலில் கடன் வாங்க மறக்கிறது என்பதை நாள்தோறும் தனித்தனியே கவனிப்பது வகுப்பறையில் அரிது. அருகில் உட்காரும் தாய்க்கோ ஐயாவுக்கோ அப்பத்தாவுக்கோ அது எளிது. கொரோனா காலத்தில் நேர்ந்த கற்றல் இடைவெளியை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும், 1 முதல் 8 வரையான வகுப்பு மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி, குடியிருப்புக்கு அருகிலேயே மாலை வேளையில் தன்னார்வலர்களைக் கொண்டு கற்பித்தது.

வீட்டில் கற்பித்தல் என்பது வீட்டுப்பாடச் சுமையன்று. 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை அதையே வலியுறுத்தியதும் இவ்விடத்தில் கருதத்தக்கவை. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் செய்வதும், அதையே சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்பதும், திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவை உறுதியாக்குகின்றன என்பது கல்வி உளவியலின் முடிவு. அதற்கு அரைமணி நேரமே மிகுதி.

கருவிகளும் வீட்டிலேயே உள்ளன. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் நீளவாக்கில் எட்டு, அகலவாக்கில் ஆறு என்று பிள்ளை எண்ணிப் பெருக்கிச் சொன்ன விடையை, ஒவ்வொரு கல்லாக எண்ணிச் சரிபார்க்கச் செய்தால், பெருக்கல் என்பது கூட்டலின் சுருக்கம் என்பது விளக்கமின்றியே விளங்கும். சந்தைக்குப் போய்வந்தபின் மீதிச் சில்லறையைக் கணக்கிடவைப்பது கழித்தல் பாடம். செட்டிநாட்டின் இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களைச் சேர்ந்து பாடுவது உச்சரிப்புக்கும் வாசிப்புக்கும் அடித்தளம். ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குப் பாடப் பொருளைத் தமிழில் விளக்குவதும் வீட்டால் இயல்வதே.

பள்ளி நடத்துவதை வீட்டில் நகலெடுக்கத் தேவையில்லை. பள்ளியால் தர இயலாத தனிக் கவனத்தையும் அன்றாடப் பயன்பாட்டையும் நாள்தோறும் சிறிது நேரம் தந்தாலே போதும். அதைப் பெற்றோர் இன்று மாலையே தொடங்கலாம்.