அவைக் குறிப்பேடுகளில் காயிதே மில்லத்

ஒரு செய்தி நம் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையென ஏற்றுக்கொள்வதில்லை; அதை யார் சொன்னார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடரை ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது ஹதீஸ் கலையின் முதற்பாடம். ‘இஸ்னாத்’ எனப்படும் இந்த அறிவிப்பாளர் தொடரைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறோம். ஆயினும், நம் காலத்துக்கு மிக அண்மையில் வாழ்ந்த தலைவர்களைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாடத்தை நாமே மறந்துவிடுகிறோம்.

இதை நமக்கு உணர்த்தியவர் ஒரு கல்லூரி மாணவர். விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் உள்ள நம் இல்லத்திற்கு ஒருநாள் மாலை அவர் வந்தார். காயிதே மில்லத் பிறந்தநாளையொட்டிய பேச்சுப் போட்டிக்கு உரை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். “தமிழே இந்தியாவின் ஆட்சிமொழியாக வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் கோரினார் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்களே, ஹஜ்ரத்! அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். நாமும் பல மேடைகளில் அவ்வாறே பேசியிருக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் நம்மிடம் விடை இல்லை. அதன் பின்னரே அச்சபையின் விவாதத் தொகுதிகளைத் தேடிப் படிக்கலானோம். அங்கே கண்டவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முஹம்மது இஸ்மாயில் சாஹிப் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார். 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது அதன் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும் உறுப்பினராக இருந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை மலையாள நாட்டு மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

மொழி பற்றிய விவாதம்

நாட்டின் ஆட்சிமொழி எது என்ற வினா 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை சபையில் விவாதிக்கப்பட்டது. என். கோபாலசாமி ஐயங்கார் முன்மொழிந்த வரைவின் அடிப்படையில், தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியே ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடரும் என்றும் முடிவாயிற்று.

இவ்விவாதத்தில் இஸ்மாயில் சாஹிப் ஆதரித்தது தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் ஹிந்துஸ்தானியை. அது காந்தியடிகள் நெடுங்காலம் வலியுறுத்திவந்த நிலைப்பாடு. பொதுமக்கள் பேசிப் புழங்கும் மொழியே பொதுமொழியாக வேண்டும் என்பது அதன் உட்கருத்து. அப்படியாயின் தமிழ் எங்கே வந்தது? மொழியின் தொன்மையை அளவுகோலாகக் கொண்டு வாதிட்டவர்களுக்கு விடை கூறுமிடத்தில் வந்தது. தொன்மைதான் தகுதியென்றால், இம்மண்ணில் பேசப்படும் மொழிகளுள் மிகப் பழைமையானவை திராவிட மொழிகளே, அவற்றுள்ளும் தமிழே என்று அவர் துணிந்துரைத்தார். தமிழின் இலக்கிய வளத்தை எடுத்துக்காட்டி, அது தம் தாய்மொழி என்பதில் தமக்குள்ள பெருமையையும் பதிவு செய்தார்.

மேடைகளில் நாம் சொல்லிவந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. அவர் வைத்தது நிபந்தனையோடு கூடிய ஒரு வாதம். எதிர்த்தரப்பார் ஏற்ற அளவுகோலை எடுத்து அவர்கள் முன்னிலையிலேயே அளந்து காட்டுவது அதன் முறை. தர்க்கவியல் பயின்ற நம் உலமாக்களுக்கு இது பழகிய வழிதான். நிபந்தனையை நீக்கிவிட்டு முடிவை மட்டும் மேற்கோள் காட்டும்போது, அந்த வாதத்தின் கூர்மையை நாமே மழுங்கச் செய்துவிடுகிறோம். பெரும்பான்மையானோர் வேறு பக்கம் சாய்ந்திருந்த ஓர் அவையில் ஒரு முஸ்லிம் உறுப்பினர் தமிழின் முதன்மையை நிறுவினார் என்னும் பெருமைக்கு இதனால் குறைவு ஏதும் நேராது.

தனியார் சட்டம் பற்றிய விவாதம்

1948 நவம்பர் 23ஆம் நாள், நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் காண அரசு முயல வேண்டும் என்னும் வரைவின் 35ஆம் பிரிவு விவாதத்திற்கு வந்தது. இன்றைய அரசியலமைப்பில் அது 44ஆம் பிரிவு. இதற்கு இஸ்மாயில் சாஹிப் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தமக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்த மக்கள் குழுவும், பிரிவும், சமுதாயமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதன் பொருள்.

இத்திருத்தத்தில் ‘முஸ்லிம்’ என்ற சொல் இல்லை. ‘சிறுபான்மையினர்’ என்ற சொல்லும் இல்லை. யூகோஸ்லாவியா, உடன்படிக்கையின்படி, முஸ்லிம்களின் குடும்பச் சட்டங்களுக்குப் பாதுகாப்பு அளித்திருந்ததை அவர் முன்னுதாரணமாகக் காட்டினார். அத்தகைய விதிகள் சிறுபான்மையினருக்கு மட்டும் உரியவை. தம் திருத்தமோ பெரும்பான்மையினரையும் உள்ளடக்கியது என்றும் விளக்கினார். தனியார் சட்டம் மக்களின் சமயத்தோடும் பண்பாட்டோடும் பிணைந்த வாழ்க்கைமுறை. அதில் தலையிடாதிருப்பதே ஒற்றுமைக்கு வழி என்பது அவர் வாதம். நஸிருத்தீன் அஹ்மத், மஹ்பூப் அலி பெய்க், பி. போக்கர் சாஹிப் ஆகியோரும் இதே திசையில் பேசினர்.

எதிர்வாதங்களையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். கோஜாக்களும் கச்சி மேமன்களும் இந்து வழக்கங்கள் சிலவற்றைப் பின்பற்றி வந்தவர்கள். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலமே அவர்கள் ஷரீஅத் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டார்கள் என்று கே.எம். முன்ஷி நினைவூட்டினார். வடமலபார் முஸ்லிம்களிடையே மருமக்கத்தாயம் வழங்கியதையும், எல்லைப்புற மாகாண முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தைப் பின்பற்றியதையும் டாக்டர் அம்பேத்கர் எடுத்துரைத்தார். இவை எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. அதே உரையில், இச்சட்டத்தை எல்லோர் மீதும் திணிக்க வேண்டும் என்று இப்பிரிவு கூறவில்லை என்றும், விரும்பி ஏற்பவர்க்கு மட்டுமே பொருந்துமாறு தொடங்க வருங்கால நாடாளுமன்றம் வழிசெய்யலாம் என்றும் அம்பேத்கர் அவர்கள் கூறினார். திருத்தங்கள் தோற்றன. ஆனால் அம்பேத்கரின் இவ்விளக்கம் அவைக் குறிப்பில் நிலைபெற்றது. அத்திருத்தங்கள் முன்வைக்கப்படாமல் இருந்திருந்தால் அந்த விளக்கத்திற்கே இடமிருந்திராது.

தோற்ற வாதம் மறையவில்லை

1949 மே மாதம், சட்டமன்றங்களில் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை நீக்கும் பரிந்துரையைச் சர்தார் படேல் சபையில் வைத்தார். இஸ்மாயில் சாஹிப் தனி வாக்காளர் தொகுதிமுறை வேண்டும் என்று வாதிட்டார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐஜாஸ் ரசூல் போன்றோர் மாற்றுக் கருத்துடையோராய் இருந்தனர். படேல் கடுமையாக மறுத்தார். அத்திருத்தமும் வீழ்ந்தது. பிரிவினையின் காயம் ஆறாத அந்நாளில், அவையின் பெரும்பான்மை தமக்கு எதிரானது என்பதை நன்கறிந்தும் அவர் எழுந்து பேசினார். தோற்ற பின்னர் அவையைப் புறக்கணிக்கவுமில்லை. எந்த அரசியலமைப்பில் தம் திருத்தங்கள் இடம்பெறவில்லையோ, அதே அரசியலமைப்பின் கீழ்த் தேர்தல்களில் நின்று, 1972 ஏப்ரலில் மறையும் வரை நாடாளுமன்றப் பணியாற்றினார்.

அவர் வாதத்தின் சாரம் வேறொரு வழியாக அரசியலமைப்பிற்குள் நுழைந்ததைக் காண்கிறோம். 1962ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் 371-ஏ பிரிவைச் சேர்த்தது. நாகர்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டங்கள் ஆகியவற்றைப் பொறுத்த நாடாளுமன்றச் சட்டம் எதுவும் நாகாலாந்துச் சட்டமன்றம் தீர்மானித்தாலன்றி அங்கே செல்லாது என்கிறது அப்பிரிவு. 1986இல் மிஸோரமுக்கும் இதுபோன்ற பாதுகாப்புக் கிடைத்தது. எந்த மக்கள் குழுவும் தன் மரபுச் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று 1948இல் அவர் பொதுவாகக் கோரியது, குறிப்பிட்ட சில மக்களுக்கு இவ்வாறு ஏற்கப்பட்டது.

இன்று இவ்விவாதம் மீண்டும் உயிர்பெற்றுள்ளது. பொது சிவில் சட்டம் இக்கட்டத்தில் தேவையானதும் அன்று, விரும்பத்தக்கதும் அன்று என 21ஆவது சட்ட ஆணையம் 2018இல் கருத்துரைத்தது. எனினும் உத்தராகண்ட் மாநிலம் 2024இல் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றி, 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதிலும் பட்டியல் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. ஒரு பிரிவினருக்கு விலக்கு அளிக்க முடியுமெனில் அதன் அடிப்படை யாது என்று வினவும் எவரும் 1948 நவம்பர் 23ஆம் நாளின் குறிப்புகளுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை. ஆலோசனை அவையில் தம் கருத்து ஏற்கப்படுவது மட்டுமே வெற்றியன்று. ஆதாரத்தோடு, கண்ணியத்தோடு, பிறர் உரிமையையும் சேர்த்துப் பேசுவதே அவைக்குச் செலுத்தும் அமானிதம். காயிதே மில்லத் அந்த அமானிதத்தை நிறைவேற்றினார். அவருடைய உரைகளைப் படிக்காமல் புகழ்வது நாம் நிறைவேற்றத் தவறிய அமானிதம்.

நம் ஊர் மாணவர் போட்டியில் மொழி விவாதத்தை உள்ளவாறே எடுத்துரைத்தார். வழக்கமான முழக்கத்திற்குக் கிடைக்கும் கரவொலி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உரை முடிந்ததும் அவரிடம் மூவர் வந்து, அந்தத் தொகுதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டனராம். பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்த அவ்விவாதங்கள் நம் அரபுக் கல்லூரி நூலகங்களில் இடம்பெற வேண்டும். முஸ்லிம் உறுப்பினர்களின் உரைகளேனும் அவற்றுக்கு எழுந்த மறுப்புகளோடு சேர்த்துத் தமிழாக்கப்பட வேண்டும். அப்பணிக்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!