அரை லிட்டர் ரத்தம் என்றால் எவ்வளவு?

சமையலறையில் அரை லிட்டர் பால் பாக்கெட் கைதவறி விழுந்து உடைந்தால் வீடு முழுக்கப் பாலாகிவிட்டது போல் இருக்கும். அதே பாலைப் பழைய வேட்டி ஒன்றில் ஊற்றிப் பாருங்கள். வேட்டி நனைந்திருக்கும், அவ்வளவுதான். பிறகு வருகிறவரிடம் எவ்வளவு ஊற்றியிருப்போம் என்று கேட்டால் ஒரு டம்ளர் இருக்கும் என்பார். பிரசவ அறைகளில் பல தாய்மாரின் உயிரைக் கொண்டுபோனதில் இந்தக் கண் ஏமாற்றத்துக்கும் பங்கு உண்டு.

மருத்துவக் கணக்கில் அந்த அரை லிட்டர்தான் எல்லைக்கோடு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தாய்க்கு 500 மில்லிலிட்டர் ரத்தம் போய்விட்டால் அது ஆபத்தான உதிரப்போக்கு. ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்கு இது நேர்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். பிழைக்காதவர்களும் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி ஏழை நாட்டுப் பெண்கள்.

ஏன் இவ்வளவு ரத்தம்? நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்து வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். அவற்றை யாரும் தைப்பதில்லை. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. குழாய்கள் அந்தப் பின்னலுக்குள்ளே புகுந்துதான் வருகின்றன. தசை சுருங்கியதும் ஒவ்வொரு குழாயும் முடிச்சுப் போட்டது போல நெரிபட்டு மூடிக்கொள்ளும். அனுபவமுள்ள செவிலியர் தாயின் அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். கருப்பை கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாக இருந்தால் நிம்மதி. பிசைந்த மாவு மாதிரி தளர்ந்திருந்தால் முடிச்சு விழவில்லை என்று பொருள். பத்தில் ஏழு உதிரப்போக்குகளுக்கு இந்தத் தளர்ச்சிதான் காரணம். மற்றவை, பிறப்புறுப்பில் கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துண்டு, ரத்தம் உறையாத கோளாறு.

சுருங்க வைக்க மருந்து இல்லாமல் இல்லை. ஆக்ஸிடோசின் ஊசி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். குளிர்சாதனப் பெட்டியே இல்லாத துணைச் சுகாதார நிலையத்தில் என்ன செய்வது? கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வு இதற்கு ஒரு விடை சொன்னது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் மிசோபிராஸ்டால் மாத்திரையை வாய்வழியே கொடுத்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கு உதிரப்போக்கு ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் அது 6.4 சதவீதமாகக் குறைந்தது. 2006-ல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவு பல நாடுகளின் மருத்துவக் கொள்கையை மாற்றியது.

அதே பெலகாவியில் உருவான இன்னொன்றுக்கு அவ்வளவு பேர் கிடைக்கவில்லை. அது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் விரிப்பார்கள். அதன் நுனி புனல் போலக் குறுகிக் கட்டிலின் விளிம்பில் பையாகத் தொங்கும். பையின் மேல் அளவுக்கோடுகள் இருக்கும். குழந்தைக்குப் பால் கலக்கும் புட்டியில் இருப்பது போன்ற கோடுகள்தான். இந்த விரிப்பையும் கண் மதிப்பீட்டையும் ஒப்பிட்டபோது, கண் சொன்ன அளவு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. புதிதாய் வந்தவர்கள் மட்டும் ஏமாறுவதில்லை. ரத்தம் கூடக்கூட மூத்தவர்களின் கண்ணும் பின்தங்குகிறது. போதாததற்கு, ‘கெட்ட ரத்தம்தானே, போகட்டும்’ என்கிற பேச்சு வேறு நம் வீடுகளில் உண்டு. போகிற ரத்தத்தில் கெட்டது, நல்லது என்று இரண்டு வகை கிடையாது.

கோடு போட்ட விரிப்பு உண்மையில் என்ன செய்யும் என்பது கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்தது. 80 மருத்துவமனைகள், 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். இ-மோட்டிவ் என்று பெயர். பர்மிங்காம் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தின. 2023 மே மாதம் முடிவு வெளியானது.

இரு தரப்பு மருத்துவமனைகளிலும் தாய்மாருக்கு அடியில் விரிப்பு இருந்தது. ஒரு தரப்பில் அதில் கோடு இருந்தது, மறு தரப்பில் இல்லை. கோடு இருந்த தரப்பில் 300, 500 என்ற இரண்டு இடங்களில் கண் நின்றாக வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். 500-ஐத் தொட்டால், அல்லது 300-லேயே நாடி ஏறினாலோ ரத்த அழுத்தம் இறங்கினாலோ, ஐந்து வேலைகளையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும்: கருப்பையைப் பிடித்துவிடுவது, ஆக்ஸிடோசின், ட்ரானெக்ஸாமிக் அமிலம், சலைன், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை. பழைய வழக்கம் வேறு. ஒன்றைச் செய்துவிட்டுப் பலிக்கிறதா என்று காத்திருப்பார்கள், பலிக்காவிட்டால் அடுத்தது. அந்தக் காத்திருப்பில்தான் ஒரு லிட்டர் போய்விடும்.

முடிவு ஆய்வாளர்களே எதிர்பாராத அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு லிட்டருக்கு மேல் இழப்பு, ரத்தத்தை நிறுத்த வயிற்றில் அறுவை, மரணம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் வழக்கமான முறையில் 4.3 சதவீதம்; புதிய முறையில் 1.6 சதவீதம். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட எண் வேறு. கோடில்லாத இடங்களில் உதிரப்போக்கு ஏற்பட்டவர்களில் பாதிப் பேரைத்தான் ஊழியர்கள் கண்டுபிடித்தார்கள். கோடு இருந்த இடத்தில் 93 சதவீதம். கோடில்லாத இடங்களின் மீதிப் பாதிப்பேர் ‘எல்லாம் நல்லபடியாக முடிந்தது’ என்ற கணக்கில் இருந்தவர்கள். மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஐந்தில் ட்ரானெக்ஸாமிக் அமிலத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும் மாத்திரையும் இதுவே. ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோ, தன் கணவரோடு சேர்ந்து 1962-ல் கண்டறிந்தார். பிரசவத்தில் சாகும் பெண்களை மனதில் வைத்தே தேடினார். ஆனால் பிரசவத்தில் இதைச் சோதித்துப் பார்க்க உள்ளூர் மருத்துவர்கள் முன்வரவில்லை. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் சோதனை நடந்து, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் 1.7-லிருந்து 1.2 சதவீதமாகக் குறைகிறது என்று 2017-ல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே, 98 வயதில், அவர் காலமாகிவிட்டார்.

அப்படியென்றால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு முன்கூட்டியே போட்டுவிடலாமே என்று தோன்றும். 15 ஆயிரம் பெண்களிடம் அதையும் சோதித்தார்கள். பலனில்லை. வந்த பிறகு உதவும் மருந்து, வராமல் தடுக்கவில்லை.

ரத்தசோகை நம் ஊர் விஷயமும்கூட. இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52.2 சதவீதம் பேர், ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நல்ல ரத்தமுள்ள பெண் 500-ஐத் தாங்குவாள். சோகை பிடித்தவளுக்கு 300-லேயே தலை சுற்றும். 2025-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய நெறிமுறையும், நாடி, ரத்த அழுத்தத்தில் கோளாறு தெரிந்தால் 300-லேயே இறங்கிவிடச் சொல்கிறது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அந்த நான்கு நாட்டு ஆய்வு சுகப்பிரசவங்களில் மட்டுமே நடந்தது. இங்கே அதே கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவை மேசையில் இடுப்புக்கு அடியில் விரிப்பு விரிக்க இடமில்லை. ரத்தத்தில் கொஞ்சம் பஞ்சுத்துணியில் ஊறும், கொஞ்சம் உறிஞ்சு குழாய் வழியே பாட்டிலுக்குப் போகும். பாட்டிலில் பனிக்குட நீரும் கலந்து நிற்கும். அதில் எது எவ்வளவு என்பதை இப்போதும் பெரும்பாலும் கண்தான் சொல்கிறது.